பெயர் நீக்கப்பட்டவர்களின் யூபிலி

கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளிகளின் நூற்றாண்டு மலர்களும் நூற்றைம்பதாம் ஆண்டு மலர்களும் என்னிடம் சில சேர்ந்திருக்கின்றன. சில நான் கேட்டு வாங்கியவை, சில உறவுக்காரப் பெண்கள் கொண்டுவந்து தந்தவை. வழவழப்பான தாள், இன்னும் போகாத அச்சு மையின் வாசம், முதல் பக்கத்தில் மாதா படம். அடுத்து ஆயரின் வாழ்த்துரை, சபைத் தலைவியின் ஆசியுரை. பிறகு வட்டவட்டமாகத் தலைமையாசிரியைகளின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் அவர்கள் பொறுப்பிலிருந்த ஆண்டுகள். பழைய படங்களில் நெற்றிவரை இறுக்கிக் கட்டிய முக்காடு. அண்மைப் படங்களில் சேலையும் சின்னச் சிலுவையும். பொதுத் தேர்வில் முதலிடம் பெற்றவர்கள், மருத்துவரானவர்கள், நீதிபதியானவர்கள், துறவறம் பூண்டவர்கள் என்று வரிசை நீள்கிறது. எதுவும் பொய்யில்லை. அத்தனையும் கொண்டாடத் தக்கவைதான். ஒரு பெண்பிள்ளை சீருடை போட்டுத் தெருவில் நடப்பதையே ஊர் வேடிக்கை பார்த்த காலத்திலிருந்து இந்தப் பக்கங்கள் தொடங்குகின்றன என்று நினைத்தால் கண் கலங்கும். ஆனாலும் ஒவ்வொரு மலரையும் படித்து முடித்து, நகைக்கடை விளம்பரங்களையும் தாண்டிப் பின்னட்டையை மூடும்போது, சேர்த்துத் தைக்க மறந்துபோன ஒரு பக்கம் எங்கோ கிடக்கிறது என்ற சங்கடம் மனதில் தங்கிவிடுகிறது. அந்தப் பக்கத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்திருக்கிறேன்.

எல்லாப் பள்ளிகளிலும் சேர்க்கை நீக்கல் பதிவேடு என்று ஒன்று உண்டு. தடித்த காலிகோ அட்டை, முதுகில் சிவப்புத் துணி, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். இடப்பக்கம் சேர்க்கை எண், பெயர், தகப்பன் பெயர், தொழில், பிறந்த தேதி, மதம், சாதி, சேர்ந்த வகுப்பு. வலப்பக்கம் நீங்கிய நாள், நீங்கிய வகுப்பு, காரணம். பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு என் பழைய பள்ளியின் அலுவலகத்தில் நின்றபோது, எழுத்தர் அம்மா என் பெயரைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஊற்றுப்பேனாவில் எழுதிய நிதானமான கையெழுத்து. யாரோ ஒரு சகோதரி ஞாயிறு பூசை முடிந்து உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் சில சொற்களே திரும்பத் திரும்ப வந்தன. படிப்பு முடிந்தது. ஊர் மாற்றம். நெடுநாள் வரவில்லை. பெற்றோர் விருப்பம். இந்தக் கடைசி இரண்டு சொல்லுக்குள் எத்தனை வீடுகள் அடங்கிக் கிடந்தன! பெரியவளானது, தாய்மாமன் பெண் கேட்டு வந்தது, அம்மாவுக்கு மறுபடி பிள்ளை பிறந்தது, அப்பா சீக்கில் படுத்தது, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து திரும்பப் பஸ் இல்லாதது. இவளுடைய விருப்பம் என்று எழுதிய கட்டம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. நூறு வருடப் பள்ளியின் உண்மையான விழா மலர் இதுதான் என்று அன்று எனக்குத் தோன்றியது. இதற்கு யாரும் வாழ்த்துரை எழுதியதில்லை.

எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளின் புத்தகங்களில் புகையிலை வாசம் அடிக்கும். அவள் வீட்டில் அம்மாவும் அக்காள்களும் பீடி சுற்றினார்கள். ஈரச் சாக்கில் சுருட்டி வைத்த இலையின் வாசமும் தூளின் காரமும் அவள் தாவணியிலும் நோட்டிலும் மதியச் சோற்றிலும் இருந்தன. பள்ளியிலிருந்து போனதும் அவளும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. வழிகளை எழுதாமலே விடை சொல்வாள், அதற்காகவே மதிப்பெண் குறையும். நெற்றியில் திருநீறு பூசியிருந்தாலும் மங்கள வார்த்தை செபத்தை எங்களைவிட வேகமாகச் சொல்வாள். ஒரு நாள் வரவில்லை, ஒரு வாரம் வரவில்லை. சனிக்கிழமை எங்கள் வகுப்பு டீச்சர் என்னை வழிகாட்டக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்கள். அவள் அம்மா தட்டைக் கீழே வைக்காமலே பேசினார்கள். “டீச்சர், மூத்தவ ரெண்டு பேரயும் கட்டிக் குடுக்கணும்லா. இவளும் தட்டுல உக்காந்தாத்தான் முடியும். நீங்க வந்ததே சந்தோசம்.” அதில் கோபமோ அவமரியாதையோ இல்லை. டீச்சரிடம் பதிலும் இல்லை. உள்கதவின் பின்னால் நின்ற அவள் வெளியே வரவேயில்லை. கொஞ்ச நாளில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. மறுநாள் டீச்சர் பெயர் கூப்பிடும்போது அவளுக்கு முந்தைய பெயரிலிருந்து அடுத்த பெயருக்கு நேராகப் போனார்கள். அந்த இடைவெளி வகுப்பில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

அந்தச் சனிக்கிழமை நடை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் பதினெட்டாம் நூற்றாண்டு அயர்லாந்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கார்க் நகரத்துப் பக்கம் 1718இல் பிறந்த நானோ நாகிள், கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதே சட்டப்படி குற்றமாக இருந்த காலத்துப் பெண். வசதியான குடும்பம் என்பதால் படிப்புக்காக அவரைக் கடல் தாண்டி பிரான்சுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் தனக்குக் கிடைத்தது ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லையே என்று அமைதியிழந்தார். கார்க் நகரத்தின் சந்துகளில் ரகசியமாகப் பள்ளிகளைத் தொடங்கினார். பகலில் பாடம், இருட்டிய பிறகு கையில் விளக்கோடு வீடு வீடாக நோயாளிகளையும் ஏழைகளையும் தேடிப் போவது. இன்று உலகமெங்கும் பிரசென்டேஷன் சபைப் பள்ளிகளின் சுவர்களில் தொங்கும் படத்தில் அவர் கையில் இருப்பது அந்த விளக்குதான். 1775இல் அந்தச் சபையைத் தொடங்கினார், 1784இல் இறந்தார். அதற்குப் பிறகு நடந்தது என்னை நெடுநேரம் யோசிக்க வைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமின் முழு அங்கீகாரம் கிடைத்தபோது, அக்காலத்துத் துறவற விதிப்படி அந்தச் சபையின் பெண்கள் மடத்து மதிலுக்குள் அடங்கி வாழ வேண்டியவர்களானார்கள். தேடிப் போனவரின் மகள்கள் இனித் தேடி வருகிறவர்களுக்கு மட்டுமே பாடம் சொல்ல முடியும். 1842 ஜனவரியில் அந்த ஐரிஷ் பெண்கள் கப்பலில் சென்னைக்கு வந்து, அப்போது கறுப்பர் பட்டணம் என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனில் பள்ளி தொடங்கினார்கள். பாதி உலகத்தைக் கடந்து வந்தவர்களால் வாசலைக் கடக்க முடியவில்லை. அந்த விதி தளர்ந்தது 1960களில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான். அதுவரை மதிலுக்கு வெளியே நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கு யார் போயிருப்பார்கள்? எங்கள் டீச்சரைப் போன்ற, கன்னியரல்லாத, குறைந்த சம்பளத்துச் சாதாரணப் பெண்கள்தான். விழா மலர்களில் அவர்களுக்கென்று வட்டப் படம் இருப்பதில்லை. கடைசியில் ஒரு குழுப் படம், அதில் பெயர்கள் இடமிருந்து வலமாக.

புதுச்சேரியின் கதை வேறு வழியில் போகிறது. 1844இல் துப்புய் அடிகள் அங்கே பெண்பிள்ளைகளின் கல்விக்காக மரியின் மாசற்ற இதயச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். தமிழ்–பிரெஞ்சு அகராதி செய்த இருவரில் ஒருவர் அவர். ஐரோப்பாவிலிருந்து கன்னியரை வரவழைப்பதைவிட இந்த மண்ணின் பெண்களையே ஆசிரியைகளாக்க முனைந்தது, அந்தக் காலத்தில் நினைக்கவே துணிச்சல் வேண்டிய காரியம். எழுத்துப் படிக்கிற பெண் என்றாலே தேவதாசி என்று ஊர் எண்ணியது. குடும்பத்துப் பெண்ணுக்கு ஏட்டைத் தொடுவதே இழுக்கு. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, படித்து, பிறர் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர வந்த அந்த முதல் தமிழ்ப் பெண்கள் எத்தனை வாசல்களில் வசவு கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். இதே நினைவோடு இன்னொன்றும் சேர்ந்தே வருகிறது. அன்றைய தமிழ்க் கத்தோலிக்கம் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் ஒதுக்கியிருந்தது. எங்கள் நெல்லைப் பக்கத்து வடக்கன்குளத்தில் இரு சாதியாரைப் பிரித்து நிறுத்தக் கோயிலுக்குள் எழுப்பியிருந்த சுவர் 1910இல்தான் இடிந்தது. பூசை கேட்கவே தனித்தனியாக நின்ற வீடுகளின் பிள்ளைகள் பள்ளியில் எப்படி உட்கார்ந்தார்கள்? எத்தனை பிள்ளைகள் சேர்க்கைப் பக்கத்துக்கே வராமல் போனார்கள்? பதிவேட்டில் நீக்கப்பட்டவளுக்காவது ஒரு வரி இருக்கிறது. வாசல்வரை வந்து திரும்பியவளுக்கு அதுவும் இல்லை. பள்ளி விழாக்களில் நிறுவனர் நாளைப் பற்றிப் பேசும்போது துணிச்சலைப் பேசுகிறோம். அந்தத் துணிச்சல் யார் வாசல்வரை எட்டியது, யார் வாசலில் நின்றுவிட்டது என்பதைப் பேசாமல் விடுகிறோம்.

மூடிய கதவு திரும்பத் திறந்த கதைகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்டதனம். 1886இல் பிறந்த சுப்பலட்சுமி, குழந்தையிலேயே மணமாகி விதவையானவர். அக்காலத்துப் பிராமண வீடுகளில் அதோடு ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிந்தது. மூலையும் மொட்டைத் தலையும்தான் மிச்சம். அவர் வீட்டார் அதற்கு உடன்படாமல் அவரைப் படிக்க வைத்தார்கள். எழும்பூர் பிரசென்டேஷன் கான்வென்ட்டில் அவர் படித்தார், 1911இல் பி.ஏ. முடித்து, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்ற பெயர் பெற்றார். கான்வென்ட் அவருக்கு என்ன தந்திருக்கும் என்று யோசிக்கும்போது ஆங்கிலமும் கணிதமும் எனக்கு முதலில் தோன்றுவதில்லை. கணவன் இல்லாத பெண்கள் ஒரு பெரிய வீட்டை நிர்வகிப்பதை அந்தச் சிறுமி தினமும் பார்த்திருப்பார். இடுப்பில் சாவிக்கொத்தோடு நடப்பவர்கள், கொத்தனாரோடு கணக்குப் பேசுகிறவர்கள், இரவு விளக்கெரிய வாசிக்கிறவர்கள், வாய்விட்டுச் சிரிக்கிறவர்கள். தாலி இல்லாத பெண்ணுக்கு மூலையைத் தவிர வேறு இடமும் உண்டு என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டாம். அவர் துறவியாகவில்லை, மதமும் மாறவில்லை. ஆனால் ஊர் அவரைக் கடைசிவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டது. தனக்குத் திறந்த கதவைத் தன்னோடு அவர் சாத்திக்கொள்ளவில்லை. இளம் விதவைகளை அழைத்து வந்து சென்னை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் விடுதி நடத்திப் படிக்க வைத்தார். 1942இல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்கென்றே ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். உரிய வயதில் படிக்க முடியாமல் போனவள் பிந்தி வந்தாலும் அவளுக்கென்று ஒரு பெஞ்சு இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கன்னியர் பள்ளியில் படித்த ஒருவர் கன்னியர் பள்ளிகளுக்கே காட்டிய வழி அது. எத்தனை பள்ளிகள் அந்த வழியே நடந்தன?

யூபிலி என்று நாம் எதைக் கொண்டாடுகிறோம் என்ற கேள்விக்கு இங்கேதான் வந்து சேர்கிறேன். பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலில் இருபத்தைந்தாம் அதிகாரம் இதற்கு ஒரு சட்டமே வகுக்கிறது. ஏழேழு ஆண்டுகள் கழிந்து ஐம்பதாம் ஆண்டு வந்ததும் கொம்பு ஊத வேண்டும். வறுமையில் விற்றுப்போன நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். கடனுக்காக அடிமைப்பட்டவன் தன் பிள்ளைகளோடு தன் குலத்திடம் திரும்பிப் போக வேண்டும். அந்த ஆண்டில் விதைப்பதும் இல்லை, அறுப்பதும் இல்லை. அந்தச் சட்டத்தில் எங்கும் சாதனைப் பட்டியல் இல்லை, பொன்னாடை இல்லை. இழந்தவர்கள் திரும்பி வருவதற்காக ஒதுக்கப்பட்ட ஆண்டு அது. 1300இல் திருத்தந்தை எட்டாம் பொனிபாஸ் தொடங்கிய ரோமானிய யூபிலியும் மன்னிப்புக்கென்று ஏற்பட்டதே. 2025ஆம் ஆண்டைத் திருச்சபை யூபிலி ஆண்டாக அறிவித்துப் புனிதக் கதவைத் திறந்தபோது, பள்ளிகளில் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், பதாகை பிடித்து நடந்தார்கள். ஒரு பள்ளியின் ஐம்பதும் நூறும் நூற்றைம்பதும் வரும்போது மட்டும் ஏன் கொம்பு யாரையும் திரும்ப அழைக்காமல் ஓய்ந்துவிடுகிறது? நன்றித் திருப்பலி, கொடியேற்றம், பேரணி, நினைவு வளைவு, கல்வெட்டு, முன்னாள் மாணவியர் சந்திப்பு. முன்னாள் மாணவி என்பவள் யார்? அழைப்பிதழ் போகிற பட்டியலைப் பார்த்தால் பத்தோ பன்னிரண்டோ முடித்து வெளியேறியவள். எட்டில் நின்றவளும் அதே அசெம்பிளியில் நின்றவள்தான், அதே மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றியவள்தான், மழைநாளில் அதே சிவப்புச் சிமென்ட் வராந்தாவில் வழுக்கி விழுந்தவள்தான்.

இதைச் சொல்லும்போது இன்னொரு சுவரையும் சொல்லாமல் முடியாது. நம் ஊர்களில் ஒரே சபையின் ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளிகள் இருப்பதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் கட்டணம் வாங்கும் ஆங்கில வழி மெட்ரிக் பள்ளி. மறு பக்கம் அரசு உதவி பெறும் தமிழ் வழிப் பள்ளி. வயதில் மூத்தது பெரும்பாலும் இரண்டாவதுதான். நூற்றாண்டு என்று எண்ணப்படும் ஆண்டுகளும் அதனுடையவையே. மணி ஒன்றாக அடித்தாலும் வாசல் வேறு, சீருடை வேறு; மதியம் ஒரு பக்கம் டிபன் பாக்ஸ், மறு பக்கம் சத்துணவு வரிசை. சந்துகளில் விளக்கோடு அலைந்த பெண் எந்தப் பக்கத்துப் பிள்ளைகளைத் தேடி அலைந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. தமிழ் வழிப் பக்கத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும் சகோதரிகள் இதை மறந்தவர்களல்ல. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்று கோடை விடுமுறையில் கிராமம் கிராமமாகப் போய் பிள்ளை கேட்பவர்களை நான் அறிவேன். அரசுப் பள்ளிப் பெண்கள் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. 2024இல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் அது விரிந்தது. மதிலுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளையை அரசு கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது. விழா மேடையில் அவள் வரவேற்பு நடனத்துக்கும் நாற்காலி போடுவதற்கும் மட்டும் நினைவுக்கு வந்தால், அந்த நூற்றாண்டு யாருடையது?

இப்படிக் கேட்பது நியாயமா என்ற தயக்கம் என்னை விடாமல் பிடித்து இழுக்கிறது. ஒரு பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது பள்ளியல்ல. வறுமை நிறுத்தியது, சாதி நிறுத்தியது, சீர் செனத்தி நிறுத்தியது, சட்டமும் சோம்பி இருந்தது. 1929இன் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்று வைத்தது. அது பதினெட்டாக 1978வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை பேர் செய்ததற்குக் கன்னியர்களிடம் கணக்குக் கேட்பதா? அவர்களும் வீட்டை விட்டு, பெற்ற பெயரை விட்டு, வேறு பெயர் ஏற்று வந்தவர்கள். பலருடைய உழைப்புக்கு மடத்துக் கல்லறையில் ஒரு சிலுவைதான் அடையாளம். இன்னொரு தயக்கம் இதைவிடக் கூர்மையானது. நின்றுபோனவள் திரும்பி வர விரும்புவாளா? பீஸ் கட்டாததற்காக வெளியே நிறுத்தப்பட்ட காலை, சாயம் போன பாவாடைக்காகக் கேட்ட வசவு, இவையெல்லாம் அவளுக்குள் இன்னும் உயிரோடு இருக்கலாம். பேரப்பிள்ளை எடுத்த வயதில் மேடையேற்றி, படிப்பைத் தொடர முடியாதவர் என்று அறிமுகப்படுத்துவது இன்னொரு முறை கோடு போடுவதாகும். பெயர்களை மலரில் அச்சிடுவதும் சரியாக எனக்குப் படவில்லை. ஒருத்தி தன் மருமகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருப்பதை ஊருக்குச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இந்தத் தயக்கங்களை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் இவை எப்படித் திரும்ப அழைப்பது என்பதைப் பற்றிய தயக்கங்கள். அழைக்கத்தான் வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. பள்ளி காரணமாக இல்லாமல் இருக்கலாம்; பெயரை எழுதியது பள்ளியின் பேனா, கோடு போட்டதும் அதே பேனா. சேர்க்கை எண் கொடுத்த நாளில் அந்தப் பிள்ளையிடம் பள்ளி ஒரு வாக்குக் கொடுத்தது. வாக்குக் கொடுத்தவர்கள் மாறிப் போகலாம், பதிவேடு மாறவில்லை.

ஆகவே யூபிலி கொண்டாடவிருக்கும் பள்ளிகளின் சகோதரிகளிடமும் முன்னாள் மாணவியர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். கல்வெட்டுக்கு வாசகம் எழுதும் முன் பதிவேட்டைத் திறந்து வலப்பக்கத்தை ஒரு முறை முழுதாக வாசியுங்கள். எட்டிலும் ஒன்பதிலும் நின்றவர்களில் இன்னும் அதே ஊரில், அதே தெருவில் இருப்பவர்கள் உங்களுக்கே தெரியும். மேடைக்கு வேண்டாம், வகுப்பறைக்கு அழையுங்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேறியவர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதலாம்; எட்டும் தேறாதவருக்கு எட்டாம் வகுப்புத் தேர்வையே தனியாக எழுத வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுபவர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் ஒரு பள்ளிக்குப் போயாக வேண்டும். அந்தப் பள்ளி உங்கள் பள்ளியாக இருக்கட்டும். நினைவு வளைவுக்குச் சேரும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் மாலை வகுப்புக்கு ஓர் ஆசிரியையை அமர்த்த முடியும், தேர்வுக் கட்டணம் கட்ட முடியும். இதை வாசிக்கிறவர்களில் கன்னியர் பள்ளியில் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் வகுப்பில் பாதியில் நின்ற ஒருத்தியின் பெயர் உங்களுக்கு இப்போது நினைவுக்கு வந்திருக்கும். அவள் இன்னும் தேர்வு எழுதலாம் என்பதை அவளிடம் போய்ச் சொல்லுங்கள்.